உப்புக்காற்றும் ஒரு பழைய ரிசீவரும்: நம்மூர் ஹாம் ரேடியோவின் கதை



மாமல்லபுரம் என்று தலைப்பில் பார்த்தாலே பல்லவர், குடைவரை, கடற்கரைக் கோயில் என்று எதிர்பார்ப்பீர்கள். இந்தக் கட்டுரையில் அதெல்லாம் இல்லை. மாமல்லபுரத்து வீடு ஒன்றின் பின்கட்டில் முப்பது வருடம் தூங்கிக்கொண்டிருந்த ஓர் உலோகப் பெட்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இதுவும் வரலாறுதான். கல்வெட்டுக்குப் பதிலாகப் பச்சைக் களிம்பு படிந்த செம்புக் கம்பிகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அம்மாவின் பெரியப்பா அங்கே கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். போன வருடம் வீட்டை மராமத்து செய்தபோது பின்கட்டுச் சாமான்களைக் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போட ஏற்பாடு நடந்தது. அதில் கறுப்பாக, முன்பக்கம் பெரிய வட்ட டயலோடு ஒரு பெட்டி. "அது மட்டும் வேண்டாம்பா" என்றார் தாத்தா. "யாருக்கு ஆகப் போகுது?" என்றார் மாமா. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியுமா என்பது வேறு கேள்வி :)

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டு, "என்ன தம்பி, வெல்டிங் மெஷினா?" என்று கேட்டார். இல்லை. அது ஆர்.1155. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த மார்கோனி ரிசீவர். அது எப்படி மாமல்லபுரம் வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில், ஹாம் என்றால் என்ன?

சாப்பிடுகிற ஹாம் இல்லை. அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு உலகம் முழுவதும் அந்தப் பட்டப்பெயர். தேர்வு எழுதி அரசிடம் உரிமம் வாங்கி, தனக்கென ஒரு அழைப்புக்குறி பெற்று, சொந்தக் கருவியால் இன்னொரு ஹாமோடு வானலையில் பேசுகிறவர்கள். பாட்டு போடக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, காசு வாங்கக்கூடாது. இந்திய ஹாம்களின் அழைப்புக்குறி பொதுவாக 'வி.யூ.' என்று தொடங்கும்.

அமெச்சூர் என்ற சொல்லை நாம் "அரைகுறை" என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். உண்மையில் கூலிக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்பவர் என்பதே அதன் பொருள். ஆசைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

1924: நாற்பது வாட்

இந்தியாவில் வானொலி எப்போது வந்தது என்று கேட்டால், 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி ஒலிபரப்பைத் தொடங்கியது என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லும். அது கம்பெனியின் வரலாறு. அமெச்சூர்களின் வரலாறு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து 1921லேயே ஹாமாக இயங்கினார். 1923இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் முளைத்தன.

சென்னையின் முறை 1924. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர் இங்கிலாந்து போய்த் திரும்பியபோது டிரான்ஸ்மிட்டருக்கான பாகங்களைக் கொண்டுவந்து, தன் கையாலேயே இணைத்தார். 1924 மே 16 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. அந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். நம் வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்புகூட 60 வாட்!

அந்த 40 வாட்டில் பாட்டும் பேச்சும் போனது. ஆனால் ஆசைக்கும் மின்சார பில் உண்டு. பணத் தட்டுப்பாட்டால் 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்த பிறகுதான் மாநகராட்சி தன் வேலையை முடித்துக்கொண்டது.

ஆக, பம்பாய்க் கம்பெனிக்கு மூன்று வருடம் முன்பே சென்னையில் ஒலிபரப்பு இருந்தது. கிளப் செத்தது, கருவி சாகவில்லை, கை மாறியது. இந்தக் 'கை மாறுதல்' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இதுதான் வரப்போகிறது.

1939: வாயை மூடு

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு அமெச்சூர் உரிமங்களை எல்லாம் ரத்து செய்தது. டிரான்ஸ்மிட்டர்களை ஒப்படைக்கச் சொன்னது. தானே டிரான்ஸ்மிட்டர் கட்டத் தெரிந்த ஆள் எந்த அரசுக்கும் கொஞ்சம் பயம்தான். அந்தப் பயம் வீண் இல்லை என்று 1942 காட்டியது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இடம் மாற்றி மாற்றி ஒலித்து, கடைசியில் பிடிபட்டார்கள். அதற்கு டிரான்ஸ்மிட்டர் அமைத்துக் கொடுத்த நரிமன் பிரிண்டர் ஒரு ஹாம்.

அதே ஆண்டுகளில் நம்மூர்ப் பக்கம் வானம் ராணுவத்தின் கையில் இருந்தது. செங்குன்றம் ஏரியில் கேட்டலினா பறக்கும் படகுகள் தண்ணீரில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. வங்காள விரிகுடாவில் ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடுவது அவற்றின் வேலை. விமானம் பறந்தால் வயர்லெஸ் வேண்டும். அப்படித்தான் இந்தியாவுக்குள் அமெரிக்க, பிரிட்டிஷ் ராணுவ வயர்லெஸ் கருவிகள் குவிந்தன.

போர் முடிந்ததும்?

விமானங்கள் போயின, கருவிகள் தங்கின. உலகம் முழுக்கப் போர் உபரி என்ற பெயரில் ராணுவ ரேடியோக்கள் சல்லிசாக விற்பனைக்கு வந்தன. ஹாம்களுக்கு அது தீபாவளி. ரத்தான உரிமங்கள் போருக்குப் பிறகு திரும்ப வந்தன. 1948 மே மாதம் மத்தியப் பிரதேசத்து மஹூவில் உள்ள ராணுவ சிக்னல் பள்ளியில் இந்திய ஹாம்களின் தேசியச் சங்கம் உருவானது. இன்றைய அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா அதுதான். ஆனால் புதுக் கருவி வாங்க வழி இல்லை. வெளிநாட்டுப் பொருளுக்கு வரியும் கட்டுப்பாடும் கழுத்தை நெரித்தன. ஆகவே அறுபதுகளில் நம்மூர் ஹாம் ஒருவர் வானலைக்கு வர இரண்டே வழி. ஒன்று, தானே கட்டுவது. இன்னொன்று, உபரியை வாங்கிப் பழுது பார்ப்பது.

தாத்தா அறுபதுகளில் சென்னையில் பழைய சாமான் சந்தையில் வாங்கியதுதான் இந்த ஆர்.1155. மூர் மார்க்கெட் அப்போது இருந்தது (1985இல் எரிந்துபோனது). விமானத்தில் இந்த ரிசீவருக்குத் தனியாகச் சுழல் மின்மாற்றி மின்சாரம் கொடுக்கும். வீட்டில் அது கிடையாது. ஸ்பீக்கரை ஓட்டும் வால்வும் கிடையாது, ஹெட்போன் மட்டும்தான். எனவே விமானத்துக்குத் திசை காட்டும் பகுதியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 6வி6 அவுட்புட் வால்வு போட்டு, வெளியே ஒரு பவர் பேக் கட்டுவார்கள். இங்கிலாந்து ஹாம்களும் இதையேதான் செய்தார்கள். தாத்தாவின் பெட்டியிலும் அதே வேலை இருந்தது. ராணுவத் தச்சுக்கு நடுவில் அவர் பற்றவைத்த ஈயம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

நான் செய்த தவறும் பார்த்த பழுதும்

கொண்டு வந்த அன்றே பிளக்கில் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். டப் என்று பியூஸ் போயிற்று. வீட்டில் எல்லா விளக்கும் அணைந்தது. அம்மா சொன்னதை எழுத முடியாது.

அடுத்த நாள் எங்கள் தெருவிலேயே வால்வு ரேடியோ காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். இப்போது அவர் மிக்ஸி, மின்விசிறிதான் பார்க்கிறார். பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தார், எதையும் தொடவில்லை. பிறகு சொன்னது இதுதான்: "தம்பி, பழசை மாத்தாதே. கெட்டதை மாத்து." மூன்று வாரம் சாயங்காலம் அவர் கடையில் கழிந்தது. கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன், பழைய வால்வு செட் வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதல் பாடம், சீரீஸ் பல்ப். செட்டுக்கும் மெயினுக்கும் நடுவே ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், செட் தப்பிக்கும். எங்கள் பல்ப் பளீரென்று எரிந்தது. ரெக்டிபயர் வால்வைக் கழற்றியதும் மங்கியது. ஆக டிரான்ஸ்ஃபார்மர் நல்லது, அதற்கு அடுத்த பில்டர் கண்டன்சர் ஷார்ட். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் உள்ளே ஈரமான ரசாயனம் கொண்டது. வருடக்கணக்கில் மின்சாரம் பார்க்காமல் கிடந்தால் உள்ளிருக்கும் ஆக்ஸைடு படலம் அரித்துவிடும். நான் முதல் நாளே நேரடியாக 230 வோல்ட் கொடுத்ததில் பியூஸ் போகாமல் இருந்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மரே கருகியிருக்கும்.

இரண்டாம் பாடம், காகிதக் கண்டன்சர். அது மெல்லக் கசியும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் இருப்பது கசிந்தால், கிரிட்டில் இருக்கக்கூடாத பாசிட்டிவ் வோல்ட் ஏறும், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடாகி ஆயுளை இழக்கும். அதை மாற்றினோம். பழைய கூட்டை எறியாமல், உள்ளே குடைந்து புதிய சின்னக் கண்டன்சரை வைத்து மூடினார் அண்ணன். வெளியே பார்த்தால் 1940களின் பாகம், வேலை செய்வது இந்த வருடத்துச் சரக்கு.

மூன்றாம் பாடம், பின்னோக்கிப் போ. சத்தம் வரவில்லை என்றால் ஆன்டெனாவிலிருந்து தேடாதே. ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வால்வாகப் பின்னால் வா. இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூடிரைவர் முனையால் கிரிட்டைத் தொட்டால் "கர்ர்" என்று கேட்க வேண்டும். எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ, பழுது அங்கே. (உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கும், அதை ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அனுபவசாலி கூட இல்லாமல் செய்யாதீர்கள்.)

எங்கள் பெட்டியில் சத்தம் மிக்ஸர் வால்வில் நின்றது. உள்ளே இருக்கும் ஆசிலேட்டர் ஓடவில்லை என்று சந்தேகம். அதைக் கண்டுபிடிக்க அண்ணன் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்.1155இன் இடைநிலை அலைவரிசை 560 கிலோஹெர்ட்ஸ். டயலை 7.1 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஆசிலேட்டர் 560 கிலோஹெர்ட்ஸ் கூட்டி 7.66இல் ஓட வேண்டும். பக்கத்தில் ஒரு சாதாரண ஷார்ட்வேவ் டிரான்சிஸ்டரை 7.66இல் வைத்தார். ஆசிலேட்டர் உயிரோடு இருந்தால் அதன் இரைச்சல் அடங்கும். அடங்கவில்லை.

குற்றவாளி பேண்ட் ஸ்விட்ச். அதன் தொடு முனைகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் செம்பையும் வெள்ளியையும் தின்னும். மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் வீடு உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கேட், சைக்கிள், ஃப்ரிட்ஜ் எல்லாம் இப்படித்தான் போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பிரஷ்ஷும் கொண்டு இரண்டு மாலை துடைத்தோம். டிரான்சிஸ்டரின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. மெக்கானிக் அண்ணன் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. போர்க்காலக் கருவிகள் சிலவற்றின் மீட்டர் முட்களில் இருட்டில் ஒளிரும் ரேடியம் பூச்சு இருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டாம்.

கேட்பதன் சுகம்

செட்டை மறுபடி மாமல்லபுரத்துக்கே கொண்டு போனேன். அதற்கு இரண்டு காரணம். ஒன்று தாத்தா. இன்னொன்று கடல். கருவிக்குப் பகையான அதே உப்புத் தண்ணீர் ஆன்டெனாவுக்கு நண்பன். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கரையோரம் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவில் அடிவானத்தை ஒட்டிச் செல்லும் அலைகள் வீணாவதில்லை. அந்த அலைகள்தான் தொலைதூரம் போகின்றன, அங்கிருந்து வருகின்றன. மொட்டைமாடியில் ஒரு மூங்கிலில் கம்பி கட்டினோம்.

வால்வு செட்டை ஸ்விட்ச் போட்டதும் கேட்க முடியாது. அரை மணி நேரம் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் நிலையம் நழுவிக்கொண்டே போகும். மேஜிக் ஐ பச்சையாக மலர்ந்தது. 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வாத்து கத்துவது போல ஒரு சத்தம். இன்றைய ஹாம்கள் எஸ்.எஸ்.பி. முறையில் பேசுவதால் பழைய செட்டில் அப்படித்தான் கேட்கும். தாத்தா கை நீட்டி, ஆர்.எஃப். கெயினைக் குறைத்து, ஹெட்டரோடைன் ஸ்விட்சைப் போட்டு, டயலை மயிரிழை திருப்பினார். வாத்து மனிதனானது. தமிழில் யாரோ இருவர் மழை எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தாத்தாவின் உரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. பதில் சொல்ல முடியாது. ஆனாலும் வலது கை ஆள்காட்டி விரல் மேசையில் மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் இன்று எதற்கு?

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் 2004இல் இருக்கிறது, நான் பிறப்பதற்கு முன்பு.

ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத் (வி.யூ.2 ஆர்.பி.ஐ.) அந்த டிசம்பரில் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஹாம்கள் பேசப் பல ஆண்டுகளாக அனுமதி கிடைக்காததால் உலகமே அவர்களோடு பேசக் காத்திருந்தது. டிசம்பர் 26 காலை பூமி ஆடியது. பிறகு சுனாமி. நம் மாமல்லபுரத்திலும் கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்து, பிறகு அலை ஏறிய அதே காலை. தீவுகளில் தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே கருவிகள் அவசரத் தொடர்பு நிலையமாக மாறின. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி ஹாம்கள் வழியாகத் தாய்நாட்டுக்கு வந்தது. 1999 ஒடிசா புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் இதுவேதான் நடந்தது.

அவர்கள் வைத்திருந்தது வால்வு செட் இல்லை, புதிய கருவிகள்தான். எண்பதுகளில் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதிச் சலுகை வந்தது (அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தியே ஒரு ஹாம், வி.யூ.2 ஆர்.ஜி.). பெட்டி புதிதாக இருக்கலாம். ஆனால் மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டுவது, கம்பி அறுந்தால் வேறொன்று கட்டுவது, சத்தம் நின்றால் பின்னோக்கித் தேடுவது, இவை பெட்டியோடு வருவதில்லை. 2003இல் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் (வி.யூ.2 ஈ.எஸ்.ஈ.) உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்து பிட்எக்ஸ் என்ற டிரான்ஸ்ரிசீவரை வடிவமைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். சுருள் சுற்றக் குழாய் வாஷர் போதும் என்றார்! உலகம் முழுக்க அதைக் கட்டினார்கள். 1924இன் நாற்பது வாட்டுக்கு அது நேர் வாரிசு என்று எனக்குத் தோன்றுகிறது.

கருவி கை மாறுவது சுலபம். கிளப்பிடமிருந்து மாநகராட்சிக்கு, விமானப்படையிடமிருந்து சந்தைக்கு, தாத்தாவிடமிருந்து எனக்கு. ஆனால் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கையும் கூடவே மாற வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சுவது கிலோ கணக்கில் எடை போடும் இரும்பு. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனுக்கு எழுபது வயது நெருங்குகிறது. அவரிடம் வேலை கற்க வந்த கடைசி ஆள் யார் என்று கேட்டேன். "நீதான் தம்பி" என்றார்.

ஹாம் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தாத்தா வாரம் ஒருமுறை போன் செய்து மோர்ஸில் கேள்வி கேட்கிறார், வாயாலேயே "டிட் டா" என்று. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ரேடியோ இருக்கலாம். இருந்தால் தயவுசெய்து இரண்டு காரியம் செய்யுங்கள். காயலான் கடைக்குப் போடாதீர்கள். சீரீஸ் பல்ப் இல்லாமல் சொருகாதீர்கள் :)